ஆகஸ்ட் வெயிலில் ஜப்பான் போகலாமா? தேவகோட்டை வாசகிக்கு ஒரு பதில்

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி எழுதியிருக்கிறார். மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறார். அவருக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது ஆகஸ்ட் நடுவில், ஓபோன் என்னும் முன்னோர் வழிபாட்டுச் சமயத்தில்தான். அப்போதே வாருங்கள், திருவிழாக்களையும் பார்த்துவிடலாம் என்று கூப்பிடுகிறார். கிளம்புகிறவர்கள் மூன்று பேர். ஆச்சிக்கு 61 வயது. அவர் வீட்டுக்காரருக்கு 66. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், அதில் நீர் பிரிவதற்கான மாத்திரையும் உண்டு. மாமியாருக்கு 78, சுத்த சைவம், வெற்றிலை போடும் பழக்கம், சில வருடம் முன்புவரை பழனிக்குப் பாதயாத்திரை போனவர். மகன் அனுப்பிய திட்டத்தில் பன்னிரண்டு நாளுக்குள் டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா, தொகுஷிமா எல்லாம் இருக்கின்றன.

"நம்ம ஊர் சித்திரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த வெயில் எந்த மூலைக்கு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத்தான் மாமியாரை நினைத்துப் பயமாக இருக்கிறது. போகலாமா, வேண்டாமா? போனால் எதைப் பார்ப்பது, எதை விடுவது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஆச்சிக்கு,

போகலாம். ஆனால் உங்கள் மகன் போட்ட திட்டத்தோடு போகக் கூடாது. உங்கள் பயம் நியாயமானது. வீட்டில் மற்றவர்கள் சொல்வதில்தான் ஒரு பிசகு இருக்கிறது; முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நமக்கு வெயில் பழக்கம் என்கிறோம். யோசித்துப் பாருங்கள், சித்திரையில் காலை பதினொரு மணிக்கு மேல் உங்கள் மாமியார் எங்கே இருப்பார்? வீட்டுக்குள் இருப்பார். உயர்ந்த கூரை, கனத்த சுண்ணாம்புச் சுவர், வெக்கையை மேலே இழுத்து வெளியே விடும் திறந்த வளவு, காலை வைத்தால் குளிரும் ஆத்தங்குடித் தரை. மதியம் ஒரு தூக்கம். வெயில் தாழ்ந்த பிறகுதான் வாசலுக்கு வருவார். அம்மன் புறப்பாடும் ராத்திரியில்தான். நமக்குப் பழக்கமானது வெயில் இல்லை, வெயிலுக்கு ஒதுங்கி வாழ்வதுதான். நம் பாட்டன்மார் பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து இழைத்துக் கட்டிய வீடே அதற்காகத்தான் அப்படி இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பி, உச்சி வெயிலில் கோயில் கோயிலாக நடந்து, ராத்திரிதான் திரும்புகிறார்கள். தேவகோட்டையில் ஒரு நாள்கூட அப்படி இருந்திராத 78 வயது உடம்பை ஜப்பானில் போய் அப்படி நடக்கவைக்க முடியாது. பழனிப் பாதயாத்திரையை உதாரணம் காட்டாதீர்கள். தைப்பூச யாத்திரை பனிக்காலத்தில் நடப்பது.

இரண்டாவது விஷயம் ஈரம். நம் பக்கத்துக் கோடையில் வியர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பு குளிர்வது அப்படித்தான். ஜப்பானில் ஜூலை வாக்கில் மழைக்காலம் முடிந்ததும் கடல் ஈரத்தோடு வெயில் அடிக்கும். வியர்வை வழியும், காயாது. கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளம் என்பதால் காற்றும் சரியாக வராது. பகலில் 35 டிகிரியைத் தாண்டுவது அங்கே இப்போது சாதாரணம். 2025 ஆகஸ்ட் 5 அன்று குன்மா மாநிலத்து இசெசாகியில் 41.8 டிகிரி பதிவானது. ஜப்பானில் அதுவரை அளந்ததிலேயே அதுதான் அதிகம். பல ராத்திரிகளில் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை.

அந்த ஊர் அரசு இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறது. காற்றின் சூடு, ஈரம், வெயிலின் உக்கிரம் மூன்றையும் சேர்த்து ஒரு எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். அதில் ஈரத்தைக் காட்டும் அளவுக்கு மட்டும் பத்தில் ஏழு பங்கு. அந்த எண் 33-ஐத் தொடும் என்று தெரிந்தால் முந்தின நாள் மாலையே வெப்பத்தாக்கு எச்சரிக்கை வரும்; 2021-லிருந்து நாடு முழுக்க இது நடக்கிறது. மகனின் கைப்பேசியில் தினமும் மாலை இதைப் பார்க்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்தால் மறுநாள் பகலில் வெளியே போவதே இல்லை என்று கிளம்புவதற்கு முன்பே மூன்று பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே போன பிறகு பேசினால், "இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டு வீட்டில் உட்காருவதா" என்ற எண்ணம் ஜெயித்துவிடும்.

சரி, எதைப் பார்ப்பது?

ஓபோன் உங்களுக்கு நெருக்கமாகப் படும் என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் 13 முதல் 16 வரை, இறந்துபோன முன்னோர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. 13-ஆம் தேதி வாசலில் சிறு தீ மூட்டி அழைக்கிறார்கள். வீட்டுப் பூஜை மாடத்தில் படைக்கிறார்கள். 16-ஆம் தேதி தீ மூட்டி வழியனுப்புகிறார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதற்காக ஊருக்குத் திரும்புவார்கள். நம் வீடுகளில் படைப்புக்குப் பங்காளிகள் எங்கிருந்தாலும் வந்து சேருவதை அறிந்த உங்கள் மாமியாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்காது. டோக்கியோ கோபுரத்தையும் பெரிய கடைத்தெருக்களையும் விட இது அவர் மனதில் நிற்கும்.

எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள் என்பதுதான் உங்கள் மகனின் திட்டத்தில் உள்ள சிக்கலும். அந்த வாரம் ரயில், நெடுஞ்சாலை, ஹோட்டல் எல்லாம் நிரம்பி வழியும். புல்லட் ரயிலில் அதிவேகமான நோசோமியில் இந்தக் காலத்தில் முன்பதிவு இல்லாத பெட்டியே கிடையாது. அப்புறம் புயல். 2023 ஆகஸ்ட் 15 அன்று வாகாயாமா பக்கம் புயல் கரையேறியபோது நகோயாவுக்கும் ஒகாயாமாவுக்கும் இடையே புல்லட் ரயிலை நிறுத்திவிட்டார்கள். மறு வருடம் அதே மாதம் 16-ஆம் தேதி டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் இடையே நிறுத்தினார்கள். நான்கு ஊருக்கு ஹோட்டல் பதிவு செய்துவிட்டு நடுவில் ஒரு நாள் ரயில் நின்றால், பெட்டிகளோடும் ஒரு வயதானவரோடும் ஸ்டேஷனில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே டோக்கியோவையும் ஹிரோஷிமாவையும் எடுத்துவிடுங்கள். மகன் வீடு ஒசாகாவில் இருப்பது பெரிய வரம்; அங்கேயே தங்கிப் பக்கத்து இடங்களுக்கு மட்டும் போய் வாருங்கள். அப்படிச் செய்தால் ரயில் பாஸும் வேண்டாம். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக ஏறிவிட்டது, உங்கள் பயணத்துக்கு அது வீண் செலவு. முன்பணம் போட்டு ரயில் வாசலில் தட்டிவிட்டுப் போகும் இகோகா அட்டை ஆளுக்கு ஒன்று போதும்.

தொகுஷிமாவில் நடப்பது அவா ஓதோரி, ஆகஸ்ட் 12 முதல் 15 வரை. ஊரே தெருவில் இறங்கி ஆடும். பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் ஒசாகாவிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், ஆட்டம் முடிய ராத்திரி பத்தரை ஆகும், தங்க அறை பல மாதம் முன்பே போய்விடும். மாமியாரோடு இது வேண்டாம். மகன் தனியாகவோ நண்பர்களோடோ வேறொரு வருடம் போகட்டும்.

நான் சொல்வது இரண்டே இரண்டு ராத்திரிகள்.

முதலாவது கோயாசான், ஆகஸ்ட் 13. ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனிலிருந்து நன்காய் ரயில், அப்புறம் மலையேறும் கேபிள் கார், மேலே ஒரு பஸ், எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். மலை சுமார் 800 மீட்டர் உயரம். ஒசாகாவை விட ஐந்து டிகிரி வரை குறைவாக இருக்கும். கூகாய் என்ற துறவி 816-இல் அரசரிடம் அனுமதி பெற்று அமைத்த பௌத்த மலை இது. அங்கே ஓகுனோயின் என்ற பெரிய கல்லறைக் காடு இருக்கிறது. வானளாவிய தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சமாதிகள். 13-ஆம் தேதி மாலை அந்த இரண்டு கிலோமீட்டர் பாதை நெடுக மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நீங்களும் ஏற்றலாம். மாமியார் முழுப் பாதையும் நடக்க வேண்டாம். தொடக்கத்திலேயே கொஞ்ச தூரம் போய் ஒரு விளக்கு வைத்துவிட்டுத் திரும்பினால் போதும். உள்ளே போகப் போகக் கல்படிகள் உண்டு, இருட்டில் கால் இடறும்.

இந்த மலையை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம் சாப்பாடு. அங்கே மடங்களிலேயே தங்கலாம். தருவது மடத்துச் சைவச் சாப்பாடு. மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத சமையல். எள்ளில் செய்த பாலாடைக்கட்டி போன்ற ஒன்று, உறையவைத்துக் காயவைத்த டோஃபு, காட்டுக் கீரை. காரம் இருக்காது. ஆனால் எதைப் போட்டிருப்பார்களோ என்று அஞ்சாமல் உங்கள் மாமியார் கைவைக்கக்கூடிய சாப்பாடு ஜப்பானில் எளிதாகக் கிடைக்காது. மற்ற இடங்களில் காய்கறிச் சாறு என்று தருவதிலும் அடியில் கட்சுவோபுஷி மீன் சீவல் போட்ட சாறுதான் இருக்கும். ஊதோன் நூடுல்ஸ், மிசோ சூப், சில பொரியல்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. மீன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கடைக்காரரும் சைவம் என்றே சொல்லிவிடுவார்.

மடத்தில் தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்க வேண்டும். மாமியாருக்கு முட்டி வலி இருந்தால், நாற்காலி உள்ள அறையா, கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். கட்டில் போட்ட அறை சில மடங்களில் கிடைக்கும். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்குள் வந்துவிடும், காலையில் ஆறு மணி வாக்கில் வழிபாடு. ஊரில் விடியுமுன் எழுந்து கோலம் போடுகிறவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

இரண்டாவது ராத்திரி, 16-ஆம் தேதி கியோட்டோ. முன்னோரை வழியனுப்பும் தீயை ஊரைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் மூட்டுவார்கள். எட்டு மணிக்கு முதல் மலையில் ஒரு பெரிய எழுத்து வடிவில் தீ எழும். அடுத்தடுத்து மற்ற மலைகளிலும் எழுத்து, படகு, கோயில் வாசல் என்று எரியும். ஒவ்வொன்றும் அரைமணி நேரம்தான். ஐந்தையும் பார்க்க ஓடாதீர்கள். ஒசாகாவிலிருந்து கேய்ஹான் ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் தெமாச்சியானகி; மாற வேண்டியதில்லை. இறங்கினால் கமோ ஆற்றங்கரை. முதல் மலை அங்கிருந்து நேரே தெரியும். ஆறு மணிக்கே போய், மடக்கு ஸ்டூல் போட்டு மாமியாரை உட்காரவைத்துவிடுங்கள். முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு மெதுவாகப் போங்கள். கையில் காசு இருந்தால் அன்று ராத்திரி கியோட்டோவிலேயே தங்கிவிடுவது இன்னும் நல்லது.

இடையில் 14, 15 தேதிகளை வெறுமையாக விடுங்கள். புயல் வந்தால் ஈடுகொடுக்க அந்த இரண்டு நாள்தான் கை கொடுக்கும். புயல் வரவில்லை என்றால் மகன் வீட்டுப் பக்கம் எந்தப் பூங்காவில் ஓபோன் சமயத்து ஆட்டமான போன் ஓதோரி நடக்கிறது என்று விசாரியுங்கள். நடுவில் ஒரு மேடை, மேலே முரசு, சுற்றிலும் அந்தத் தெருப் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லோரும் வட்டமாக ஆடுவார்கள். கும்மி தெரிந்த கை தானாகச் சேர்ந்துகொள்ளும். டிக்கெட் இல்லை, நெரிசல் இல்லை, வேண்டாம் என்றால் பத்து நிமிடத்தில் வீடு. பெரிய விழாக்களை விட நான் இதைத்தான் அதிகம் விரும்புவேன்.

கியோட்டோவின் கியோன் விழாவைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது ஜூலை மாதம், பெரிய தேரோட்டம் 17-ஆம் தேதியும் 24-ஆம் தேதியும். 869-இல் கொள்ளைநோய் தணிய வேண்டித் தொடங்கியது. பன்னிரண்டு டன் வரை கனமுள்ள தேரைத் தெருமுனையில் திருப்ப, சக்கரத்தடியில் மூங்கில் பட்டைகளைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி இழுப்பார்கள். கொப்புடையம்மன் தேருக்கு வடம் பிடித்தவர்கள் அதைப் பார்த்தால் கண் எடுக்க மாட்டார்கள். ஆனால் தேர் கிளம்புவது காலை ஒன்பது மணிக்கு, நிழலில்லாத பெருந்தெருவில். மாமியாருக்கு ஆகாது. மகனுக்கும் அப்போது லீவு இல்லை. விட்டுவிடுங்கள்.

பகல் பொழுதை ஊரில் இருப்பது போலவே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆகஸ்டில் ஐந்தே கால் மணிக்கெல்லாம் விடிந்துவிடும். கியோட்டோவின் புஷிமி இனாரி கோயில் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். ஒரு நாள் விடியற்காலை அங்கே போய், சிவப்பு வாசல்களின் கீழே கொஞ்ச தூரம் நடந்து, பத்து மணிக்குள் திரும்பிவிடலாம். மதியம் வீடு, தூக்கம். ஐந்து மணிக்கு மேல் மறுபடி வெளியே.

மகன் வீட்டில் ஏசி விஷயத்தை மாமியாரிடம் இப்போதே பேசுங்கள். "ஏசி எனக்கு ஒத்துக்காது" என்று அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. உங்கள் வளவு வீட்டில் அது சரி. ஒசாகா அடுக்ககத்தில் கூரை தாழ்வு, பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் ராத்திரியும் சுடும். ஜப்பானில் வெப்பத்தாக்கால் இறக்கும் முதியவர்களில் நிறையப் பேர் வீட்டுக்குள்ளேயே, ஏசியை ஓடவிடாமல் இறக்கிறார்கள். 27 அல்லது 28 டிகிரியில் வைத்து, காற்று நேரே படாதபடி படுக்கையைத் தள்ளிப்போட்டு, ராத்திரி முழுக்க ஓட வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வயதானால் தாகமும் தெரியாது. கேட்காமலே மணிக்கொரு தரம் தண்ணீர் கொடுங்கள்.

வீட்டுக்காரருக்கு இரண்டு எச்சரிக்கை. தெருவெங்கும் இயந்திரங்களில் கிடைக்கும் பொகாரி ஸ்வெட் மாதிரி உப்பு பானங்களில் அரை லிட்டருக்கு 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. தாகத்துக்கு அதைக் குடித்துக்கொண்டே இருந்தால் சர்க்கரை ஏறிவிடும். அதே இயந்திரத்தில் முகிச்சா என்ற வாற்கோதுமை நீர் இருக்கும், சர்க்கரை கிடையாது, அதுதான் அவருக்கு. நீர் பிரிவதற்கான மாத்திரை அந்த வெயிலில் உடம்பை வற்றவைக்கலாம். அளவை மாற்றலாமா என்று கிளம்புவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் தானாக நிறுத்திவிடக் கூடாது.

மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் எடுத்துப் போங்கள். சீட்டு மருந்துகள் ஒரு மாதத்துக்கு உட்பட்ட அளவு என்றால் தனி அனுமதி வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை வேண்டவே வேண்டாம். அவற்றுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது.

மகனுக்கு என்று உப்புக்கண்டம் கட்டிவிடாதீர்கள். கறி வகை எந்த உருவத்திலும் உள்ளே விட மாட்டார்கள், தண்டனையும் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், மாமியாரின் வெற்றிலை எல்லாம் தாவர நோயில்லாச் சான்றிதழ் இல்லாமல் போகாது. வெற்றிலையை அந்தச் சில நாள் அவர் விட்டிருக்கத்தான் வேண்டும். விமான நிலையத்தில் வைத்துச் சொல்லாமல் முன்பே சொல்லிவிடுங்கள். முறுக்கு, மனகோலம், பருப்புப்பொடி, இட்லிப்பொடி தாராளமாக எடுத்துப் போங்கள்.

உடுப்பில் கண்டாங்கி வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனால் அந்த ஈரத்தில் கனத்த பருத்தி நனைந்தால் காயாது. ஒன்றை ஓகுனோயினுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளுக்கு மெல்லிய வாயில் புடவை எடுத்துக்கொள்ளுங்கள். குடை மூன்று பேருக்கும். அங்கே ஆண்களும் வெயிலுக்குக் குடை பிடிப்பார்கள், வீட்டுக்காரர் தயங்க வேண்டாம்.

விமானம் திருச்சியிலிருந்தே கிடைக்கும். சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் மாறி ஒசாகா. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், மாமியாருக்குச் சக்கர நாற்காலி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விசாவுக்கு மகன் அங்கிருந்து அழைப்புக் கடிதம், பயண விவரம், வசிப்பிடச் சான்று அனுப்ப வேண்டும். செலவை அவர் ஏற்பதாக இருந்தால் உத்தரவாதக் கடிதமும் வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்க்கும் திட்டமா என்று எழுத்தில் வாங்குங்கள். அங்கே ஆம்புலன்ஸுக்கு 119. வண்டி இலவசம், ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நம்முடையது.

இந்த வாரமே செய்ய வேண்டியது கோயாசான் மட அறை. 13-ஆம் தேதிக்கு அதுதான் முதலில் தீரும். மகனைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்படியே அவர் வீட்டுக்கு லிப்ட் இருக்கிறதா, மாமியார் படுக்கும் அறையில் ஏசி இருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாள்வாரியாக எழுதித் தருகிறேன்.